இறுகிப்போன பிக்கப் ஆன்டெனா: ஊறவைப்பதா, சூடு காட்டுவதா, வெட்டுவதா, மாற்றுவதா?

பிக்கப் வண்டியின் ரேடியோ ஆன்டெனா கையால் திருகி அசையவில்லை என்றதும் பலருக்கும் கை போவது கட்டிங் பிளேயருக்குத்தான். வேலை கெடுவதும் அங்கேதான். குச்சி மரையில் இறுகி நிற்க, அதைப் பிடித்துத் திருகும் வேகத்தில் அடியில் உள்ள பேஸ் மொத்தமாகச் சுழலும். பேஸுக்குள் சால்டர் வைத்திருக்கும் கேபிள் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். அதற்கப்புறம் குச்சி கழன்று வந்தாலும் பயனில்லை, ரேடியோவில் இரைச்சல்தான் கேட்கும்.

ஆன்டெனாவில் மலிவான பாகம் குச்சி. ஸ்பேர்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். பேஸும் கேபிளும் அப்படியல்ல. பொருளின் விலையைவிட மாற்றுகிற கூலி கூடுதல். ரூஃபில் இருக்கும் ஆன்டெனா என்றால் உள்ளே மேல் லைனிங்கையே இறக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது சரிப்படாமல் போனால் நட்டம் குச்சியோடு நிற்குமா, பேஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமா? கீழே உள்ள வழிகளை அந்தக் கணக்கில்தான் எடை போட்டிருக்கிறோம்.

எந்த ரகம் என்று பாருங்கள்

பொலிரோ பிக்கப், தோஸ்த், யோதா, இன்ட்ரா, டி-மேக்ஸ் என்று வண்டி எதுவானாலும் ஆன்டெனா இருக்கும் இடம் மூன்றுதான்: முன் மட்கார்டு, முன் கண்ணாடியை ஒட்டிய பில்லர், ரூஃப். சரக்கு வண்டிகளில் கீழ் மாடல்கள் பலவும் ரேடியோ இல்லாமலேயே வரும். வாங்கியவர் வெளியில் செட் மாட்டும்போது ஆட்டோ எலக்ட்ரீஷியன் பில்லரில் இழுத்து மடக்கும் ஆன்டெனா ஒன்றைப் பொருத்தியிருப்பார். இந்த ரகத்தில் குச்சி பெரும்பாலும் பேஸிலிருந்து திருகிக் கழலாது. குச்சியும் பேஸும் ஒரே உருப்படி. அதைப் பிடித்துத் திருகுவது வீண் வேலை. பில்லரில் இருக்கும் ஸ்க்ரூவையோ நட்டையோ கழற்றி முழுசாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு குழாய்க்குள் இன்னொன்று இறங்காமல் மாட்டிக்கொண்டதுதான் பிரச்சினை என்றால் கழற்றவே தேவையில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்து, மெல்ல இழுத்து இறக்கினால் போதும். கிரீஸ் தடவாதீர்கள். அதில் தூசி ஒட்டி அடுத்த மாதமே இன்னும் மோசமாக இறுகும்.

திருகிக் கழற்றும் ரகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குச்சியின் அடியில் திருகு நீட்டிக்கொண்டிருக்கும், பேஸில் அதற்கான துளை இருக்கும். மற்றதில் பேஸிலிருந்து திருகு மேலே நிற்கும், குச்சியின் அடியில் தடித்திருக்கும் உலோகக் கொண்டையில் உள்மரை இருக்கும். மாட்டியிருக்கும்போது வெளியே பார்த்து இதைச் சொல்வது கடினம். அதே மாடலின் புதுக் குச்சி ஒன்றைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வெட்டும் வேலையில் இறங்கக் கூடாது. இரண்டாவது வகையில் வெட்டுவது சுலபமான வழி, முதல் வகையில் அதுவே கடினமான வழி.

இறுகியதற்குக் காரணம் என்ன

சேலம் டவுனில் ஓடும் வண்டிக்கும் சேர்வராயன் மலையில் ஓடும் வண்டிக்கும் ஆன்டெனா ஒரே மாதிரி இறுகுவதில்லை. சுண்ணாம்புக்கரட்டுப் பக்கம் மேக்னசைட் ஏற்றும் வண்டிகளில் வெள்ளைத் தூசி மரையின் இடுக்கில் புகுந்து, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து அப்பிக்கொள்ளும். உலோகம் அவ்வளவாக அரித்திருக்காது. தூசியை இளக்கினால் குச்சி வந்துவிடும். இறுகுவதற்கு உள்ள நான்கு காரணங்களில் இதுதான் சுலபம்.

மலையில் கதை வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கும் உண்டு, நடுவில் மூடுபனி. மரைக்குள் போன ஈரம் காய நாளாகும். இரும்புத் திருகு அலுமினியத்திலோ துத்தநாகக் கலவையிலோ வார்த்த பேஸில் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு உலோகத்துக்கும் நடுவில் தண்ணீர் நின்றால் பேட்டரிபோல் மின்னோட்டம் ஓடி, அலுமினியமோ துத்தநாகமோ அரிபடும். வெளியே தெரியும் வெள்ளைப் பொடி அதன் அடையாளம். அந்தப் பொடிக்கு அரித்துப்போன உலோகத்தைவிடக் கூடுதல் இடம் தேவை, அதனால் மரையை நெருக்கிப் பூட்டிவிடுகிறது. செம்பழுப்புத் துரு தெரிந்தால் இரும்பும் இரும்பும் பிடித்திருக்கிறது என்று பொருள். வெள்ளைப் பொடியைவிடத் துரு எண்ணெய்க்கு நன்றாக இளகும்.

மூன்றாவது காரணம் பசை. ஆட்டம் கண்ட குச்சியை எம்-சீல், அரால்டைட், லாக்டைட் போட்டு யாராவது ஒட்டியிருப்பார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அடியில் சாம்பல் நிறமாகவோ, தேன் நிறத்தில் கண்ணாடிபோலவோ ஒரு வளையம் தெரிந்தால் அது பசைதான். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் பசை இளகாது. அதற்குச் சூடு வேண்டும்.

நான்காவது, வளைந்த திருகு. நாகலூர், வாழவந்தி போகிற எஸ்டேட் பாதைகளில் தாழ்ந்த கிளையில் குச்சி இடிபடும். லோடு மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது கயிறு மாட்டி இழுக்கும். ஏற்காட்டில் நிறுத்தினால் குரங்கு பிடித்துத் தொங்கும். குச்சி பேஸிலிருந்து நேராக எழாமல் சாய்ந்து நின்றால் மரை வளைந்திருக்கலாம். அப்படியிருந்தால் பொறுமையாகச் சுழற்றினாலும் பாதியில் முறியத்தான் வாய்ப்பு அதிகம். தொடங்கும் முன்பே வெட்டி எடுப்பதற்கோ மாற்றுவதற்கோ தயாராக இருங்கள்.

எண்ணெயில் ஊறவைத்தல்

பசை இல்லை, திருகு வளையவில்லை என்றால் தொடங்க வேண்டியது இங்கேதான். தோற்றாலும் எதுவும் கெடாத வழி இது ஒன்றுதான்.

பழைய டூத் பிரஷ்ஷால் அடியைச் சுற்றித் தூசி, பொடி எல்லாவற்றையும் தேய்த்து எடுங்கள். பெயின்ட் மீது மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துவிட்டுப் போனால் பாதிக்கு மேல் ரூஃபில் வழிந்து ஓடிவிடும், இணைப்புக்குள் இறங்காது. பருத்தி நூலையோ பனியன் துணிக் கிழிசலையோ இணைப்பைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் தெளியுங்கள். துணி திரிபோல எண்ணெயைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை தெளித்து, மேலே பிளாஸ்டிக் கவரைக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் குச்சியின் அடிக்கொண்டையைச் சுற்றிலும் இருபது முப்பது முறை லேசாகத் தட்டுங்கள். தட்டும் அதிர்வில் பொடி விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். பலமாக அடித்தால் பேஸின் பிளாஸ்டிக் விரியும்.

திருப்புவதற்கு முன் மார்க்கரால் பேஸையும் ரூஃபையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். எல்லா வழிக்கும் இது பொருந்தும். திருப்பும்போது அந்தக் கோடு இரண்டாக விலகினால் சுழல்வது குச்சி இல்லை, பேஸ். அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

பிடிப்புக்கு சைக்கிள் டியூப்பில் ஒரு சாண் வெட்டிக் கொண்டையில் இறுகச் சுற்றிக்கொண்டால் வெறும் கையே போதுமான அளவு பிடிக்கும். முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அளவு திருப்புங்கள். பொடியின் பூட்டு உடைவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். பிறகு மேலிருந்து பார்க்க இடப்புறமாக, கடிகார முள்ளுக்கு எதிராக. கால் சுற்று வந்ததும் கொஞ்சம் திரும்ப உள்ளே விட்டு, மறுபடி எண்ணெய் தெளித்து, மறுபடி வெளியே. ஒரே மூச்சில் இழுத்தால் பொடி மரையில் சிக்கி நடுவில் பூட்டிக்கொள்ளும்.

எண்ணெய் எது என்பதிலும் கவனம் தேவை. அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சம அளவு கலந்த கலவை துருவை நன்றாக இளக்கும், ஆனால் அசிட்டோன் பெயின்ட்டையும் பிளாஸ்டிக் பேஸையும் கரைத்துவிடும். ஆன்டெனாவுக்கு அது வேண்டாம். பிரேக் ஆயிலும் பெயின்ட்டை உரித்துவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். டீசல் சும்மா இருப்பதற்குப் பரவாயில்லை, மெதுவாகத்தான் வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி இரவில் ஏற்காட்டில் அது மரைக்குள் போகாது, வெளியே வெண்ணெயாக நிற்கும்.

ஒரு ராத்திரிக்கு அசையவில்லை என்றால் இரண்டாவது ராத்திரியும் கொடுங்கள். வண்டி வாடகைக்கு ஓடுகிறது, நிறுத்த முடியாது என்றால் துணியைக் கட்டியபடியே ஓட்டலாம். மலைப்பாதையின் அதிர்வும் எண்ணெய் இறங்க உதவும்.

சூடு

பசை போட்ட குச்சிக்கு முதல் வழி இது. வெள்ளைப் பொடி பிடித்ததற்கு இரண்டாவது வழி.

சூடு உதவுவது எல்லா உலோகமும் ஒரே அளவு விரிவதில்லை என்பதால். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் இரும்பு 12 மைக்ரான் விரியும், பித்தளை சுமார் 19, அலுமினியம் சுமார் 23, துத்தநாக வார்ப்பு அதைவிடவும் கூடுதல். வெளியே அலுமினிய பேஸ், உள்ளே இரும்புத் திருகு என்றால் சூட்டில் பேஸ் அதிகமாக விரிந்து பிடி தளரும். அதே கணக்கில், வெளியே இரும்பு, உள்ளே பித்தளைத் திருகு என்றால் சூடு இன்னும் இறுக்கிவிடும். எந்த உலோகம் என்று கொண்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. கொண்டையில் காந்தம் ஒட்டினால் இரும்பு.

ஹீட் கன் இருந்தால் மூன்று விரல் அகலம் தள்ளிப் பிடித்து, 20 முதல் 30 வினாடி காட்டி எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி காட்டுங்கள். எம்-சீல், அரால்டைட் எல்லாம் இந்தச் சூட்டிலேயே இளகிவிடும். சிவப்பு நிற லாக்டைட் சுமார் 250 டிகிரிக்குத்தான் இளகும். பேஸ் அந்தச் சூட்டைத் தாங்காது. அதைச் சூட்டில் எடுக்க முயலாமல் வெட்டுவதே நல்லது. 60 வாட் சால்டரிங் அயர்னின் நுனியை உலோகக் கொண்டையில் நேராக வைத்து இரண்டு மூன்று நிமிடம் பிடிப்பது ஹீட் கன்னைவிட நல்ல வழி. சூடு திருகுக்கு மட்டும் போகும், பெயின்ட்டுக்கும் ரப்பருக்கும் போகாது.

காஸ் டார்ச், வெல்டிங் கடை நெருப்பு இரண்டும் கூடாது. எஞ்சின் ஸ்டட்டில் நட்டை வெல்டு வைத்துத் திருப்பி எடுப்பது பட்டறைகளில் சாதாரணம். ஆன்டெனாவில் அது பொருந்தாது. திருகுக்கும் வண்டி பாடிக்கும் நடுவில் இருப்பது பிளாஸ்டிக் இன்சுலேட்டர். கேபிளுக்குள் இருப்பது பாலித்தீன், 100 டிகிரியை ஒட்டி இளகிவிடும். இளகினால் நடுக்கம்பி தன்னைச் சுற்றியுள்ள கம்பி வலையைத் தொட்டு ரேடியோ செத்துவிடும். சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் சர்க்யூட் (பெருக்கி) உள்ள ரூஃப் பேஸில் ஹீட் கன்கூட வேண்டாம்.

இன்னொன்று: ஊறவைத்த எண்ணெயின் மேல் சூடு காட்டாதீர்கள். தெளிக்கும் எண்ணெய்கள் தீப்பிடிப்பவை. நன்றாகத் துடைத்து, துணியைத் தூர எறிந்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்ட பிறகே சூடு. அவசரம் இல்லாதவர்கள் சித்திரை வெயிலில் சேலத்தில் மதியம் வண்டியை நிறுத்தி வைத்தாலே ரூஃப் தொட முடியாத அளவு காய்ந்துவிடும். ஊறவைத்ததையும் வெயிலையும் சேர்த்துக்கொண்டால் பலருக்கு ஹீட் கன்னே தேவைப்படாது.

வைஸ் கிரிப்

வைஸ் கிரிப் என்பது கடித்த இடத்தில் பூட்டி நிற்கும் பிளேயர். இது தனி வழி இல்லை, மேலே சொன்ன இரண்டில் ஒன்றுக்குப் பிறகு வருவது. ஊறவைக்காமல் வைஸ் கிரிப் போடுவதை நாங்கள் எந்த வண்டிக்கும் சொல்வதில்லை.

குச்சியின் உடம்பைப் பிடிக்கக் கூடாது. ஃபைபர் குச்சி நசுங்கும், சுருள் கம்பி சுற்றிய ரப்பர் குச்சி முறுக்கிக்கொள்ளும், கம்பிக் குச்சி வளையும். அடியில் உள்ள உலோகக் கொண்டையை, பேஸிலிருந்து ஒரு செ.மீ.க்குள் பிடிக்க வேண்டும். கொண்டை உருண்டையாக இருந்தால் அரத்தால் எதிரெதிரே இரண்டு பக்கம் தட்டையாக்கி, சரியாக உட்காரும் ஓப்பன் ஸ்பானரைப் போடுங்கள். பல்லுள்ள பிளேயரைவிட இது நூறு பங்கு மேல். இன்னொரு கையில் பேஸைப் பிடிக்க ரப்பர் சுற்றிய பெரிய பிளேயர் வேண்டும். ஒருவர் பேஸைப் பிடிக்க, இன்னொருவர் திருப்புவது அதைவிடப் பாதுகாப்பு. எலக்ட்ரீஷியனிடம் விட்டாலும் பேஸை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

குச்சி மட்டும் கொண்டைக்குள் சுழன்று, கொண்டை நின்ற இடத்தில் நிற்பதும் நடக்கும். குச்சியைக் கொண்டைக்குள் அமுக்கி ஒட்டியிருந்த பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். அதோடு குச்சியின் ஆயுள் முடிந்தது. அதற்காக வருந்த வேண்டாம். இனி கொண்டையை எவ்வளவு நசுக்கினாலும் பரவாயில்லை என்ற சுதந்திரம் கிடைத்துவிடுகிறது.

வெட்டி எடுத்தல்

பேஸில் திருகு நிற்கும் வகைக்கு இது மிக நல்ல வழி. குச்சியை ஆக்சா பிளேடால் கொண்டைக்கு மேலே அறுத்துவிட்டு, கொண்டையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய வெட்டு ஒன்று போடுங்கள். உள்ளே மரை தெரியும் ஆழத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரை வெட்டில் வைத்துப் பிளந்தால் கொண்டை திறந்துகொள்ளும். திருகு பழுதின்றி மிஞ்சும். வெளிமரை வெட்டும் டை ஒன்றை ஓட்டி மரையைச் சுத்தம் செய்தால் புதுக் குச்சி ஏறிவிடும்.

பேஸில் துளை இருந்து, திருகு உள்ளே முறிந்து நின்றால் வேலை வேறு. முறிந்த திருகு 2 மி.மீ. வெளியே தெரிந்தாலும் போதும், ஆக்சா பிளேடால் தலையில் பள்ளம் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிவிடலாம். பேஸோடு சமமாக முறிந்திருந்தால்தான் ட்ரில். எம்5 அளவு மரைக்கு நடுவில் மெதுவாக சென்டர் பஞ்ச் வைத்து 2.5 மி.மீ., பிறகு 3.3, கடைசியாக 4.2 மி.மீ. பிட். எம்6 என்றால் 3, 4, 5 மி.மீ. அதற்குமேல் உள்மரை வெட்டும் டேப்பை, எம்5-க்கு 0.8 பிச்சிலும் எம்6-க்கு 1.0 பிச்சிலும் ஓட்டினால் மரை புதுசாகிவிடும். பேஸின் மரை அதிக ஆழம் இருக்காது, அதன் கீழே கேபிளின் சால்டர். புதுக் குச்சியின் திருகு நீளத்தை அளந்து, அந்த அளவில் பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

முறிந்த திருகைத் துளைக்குள் கடித்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. எம்5 திருகுக்குள் போகும் எக்ஸ்ட்ராக்டர் மிக மெல்லியது. பூட்டிக்கிடக்கும் திருகில் அது முறிந்தால், அதன் கடினமான இரும்பைச் சாதாரண பிட்டால் துளைக்க முடியாது. பேஸ் போனது போனதுதான். சாதாரண பேஸ் என்றால் இந்த நிலைக்கு வந்ததும் ட்ரில் வேலையையே விட்டுவிட்டு மாற்றும் வழிக்குப் போவது புத்திசாலித்தனம். பெருக்கியோடு வரும் விலை கூடிய ரூஃப் பேஸ் என்றால் மட்டும் லேத் பட்டறையில் கை நிதானமுள்ளவரிடம் கொடுங்கள். அப்போதும் பேஸை வண்டியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

துளையிட்டு முடிந்ததும் இரும்புத் துகளைக் காந்தத்தால் எடுங்கள். அலுமினியத் துகள் காந்தத்துக்கு வராது, வேக்குவம் வேண்டும். இன்சுலேட்டர் மேல் கிடக்கும் ஒரு சிறு துகள் குச்சியையும் பாடியையும் இணைத்துவிட்டால், எல்லாம் சரியாக மாட்டியும் எஃப்.எம். எடுக்காது. வேலை முடிந்தும் எடுக்கவில்லை என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பில்லரில் முறிந்து நிற்கும் கூர்மையான கட்டையை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள். அது லோடு இறக்குபவர்களின் கண் உயரத்தில் இருக்கும். வேலை முடியும்வரை ஒரு துண்டு ரப்பர் டியூப் மாட்டி வையுங்கள்.

பேஸோடு மாற்றுதல்

கோடு விலகிவிட்டது, பேஸின் பிளாஸ்டிக் விரிந்திருக்கிறது, கேபிள் அறுந்திருக்கிறது, மரைக்குள் ஏதோ முறிந்திருக்கிறது என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். பில்லரில் இருக்கும் ஆன்டெனாவுக்கு இது எடுத்த எடுப்பிலேயே முதல் வழி. ஊறவைக்கும் நேரத்துக்குள் மாற்றியே முடித்துவிடலாம்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, செட்டை வெளியே இழுத்து, பின்னால் உள்ள ஆன்டெனா பிளக்கை உருவுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். பிளக் முனையில் இரண்டு மீட்டர் சணல் கயிறு கட்டிவிடுங்கள். பழைய கேபிளை வெளியே உருவும்போது கயிறு அதன் பாதையில் தங்கிவிடும். அதிலேயே புதுக் கேபிளைக் கட்டி உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இந்தக் கயிறு இல்லாமல் கேபிளை உருவியவர்கள் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டி வரும்.

மட்கார்டு ரகத்தில் மேலே இரண்டு பள்ளம் உள்ள வட்ட நட் இருக்கும். சர்க்கிளிப் பிளேயரின் இரண்டு முனையும் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காரும். சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துத் தட்டினால் வழுக்கிப் பெயின்ட்டில் கோடு விழும். கீழிருந்து வேலை செய்ய சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் லைனரை இறக்க வேண்டும். ரூஃப் ரகம்தான் கடினம். கேபின் லைட், சன் வைசர், கைப்பிடி எல்லாம் கழற்றி லைனிங்கின் முன்பக்கத்தை இறக்கினால்தான் நட் தெரியும். ஹைலக்ஸ், வி-கிராஸ் மேல் மாடல்களில் ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் இருப்பதால் பில்லர், லைனிங் வேலையை சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு துளை போடும் வேலையே வேண்டாம்.

புது பேஸ் உட்காரும் இடத்தில், ரூஃபின் அடிப்பக்கம், பல் வாஷர் படும் வட்டத்தில் மட்டும் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி உலோகம் தெரிய வையுங்கள். எர்த் அங்கேதான் கிடைக்கிறது. பெயின்ட் மேலேயே இறுக்கினால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் ரேடியோவில் கேட்கும். இறுக்கிய பிறகு சுற்றிலும் கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள், துரு பிடிக்காது. கேபிள் உள்ளே நுழையும் துளைக்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும். தண்ணீர் கேபிள் வழியே ஓடி வந்தாலும் அந்த வளைவில் சொட்டி நிற்கும். இல்லையென்றால் ஃபியூஸ் பாக்ஸ் வரைக்கும் போய்விடும். பழைய பிளக்கையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வேறு பிளக் வாங்கி வந்து வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் சிக்னல் விழும். மலையில் இருப்பவர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பேஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திறந்த துளையோடு மழையில் மலை இறங்க வேண்டியிருக்கும்.

தொடாமல் விட்டுவிடுதல்

குச்சியை அறுத்து, முனையை ரப்பரால் மூடிவிட்டு, முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் ஆன்டெனாவை மாட்டலாம். 12 வோல்ட் லைன் ஒன்றும் எர்த்தும் கொடுத்தால் போதும். டவுனுக்குள், நான்கு ரோடு, ஐந்து ரோடு, செவ்வாய்பேட்டை என்று ஓடுபவர்களுக்கு இது தாராளமாகப் போதும். மலைக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எஃப்.எம். அலை நேர்கோட்டில்தான் வரும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மலை குறுக்கே வரும் ஒவ்வொரு இடத்திலும் சிக்னல் குறையும். சிறிய ஆன்டெனாவில் அந்தக் குறைவு இரைச்சலாகவே மாறிவிடும். கண்ணாடியில் உலோகம் கலந்த சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் டவுனிலும் எடுக்காது.

பாட்டெல்லாம் போனிலிருந்து புளூடூத்தில்தான், ரேடியோவே போடுவதில்லை என்பவர்கள் ஆன்டெனாவை முழுசாக எடுத்துவிட்டு, துளை அளவுக்கு ரப்பர் அடைப்பு வாங்கி, சிலிக்கான் பூசி மூடிவிடுங்கள். துளையின் ஓரத்தில் சுரண்டிய இடத்துக்குப் பெயின்ட் தொட்டுவிட மறக்காதீர்கள். எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இதுவே சரி. அங்கே எந்தக் குச்சியும் அடுத்த கிளைவரைக்கும்தான்.

புதுக் குச்சி மாட்டும்போது

100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 செ.மீ. எஃப்.எம்.முக்கு நன்றாக எடுக்கும் நீளம் அதுதான். 20 செ.மீ. ரப்பர் குச்சிக்குள் கம்பியைச் சுருளாகச் சுற்றி நீளத்தை ஈடுகட்டியிருப்பார்கள், ஆனாலும் எடுக்கும் அளவு குறையும். மலைக்கும் டவுனுக்கும் ஏறி இறங்கும் வண்டிக்கு வளையும் 40 செ.மீ. குச்சி நடுத்தரமாக இருக்கும்.

மரையில் வாஸ்லைன் கடுகளவு தடவிக் கையால் மட்டும் இறுக்குங்கள். பிளேயர் வேண்டாம், அடியில் ரப்பர் வாஷர் இருந்தால் போதும். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்கு அது நல்லது, இங்கே மரைதான் மின்தொடர்பு. டேப் அதை அடைத்துவிடும். காப்பர் கிரீஸ் போட்டால் இன்சுலேட்டர் மேல் வழியாமல் துடைத்துவிடுங்கள், அது மின்சாரம் கடத்தலாம். வருடத்தில் இரண்டு முறை, ஆனிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும், குச்சியைக் கழற்றித் துடைத்து மாட்டினால் மறுபடி இறுகாது.

மல்டிமீட்டர் இருந்தால் செட்டை மாட்டும் முன் பிளக்கிலேயே பார்த்துவிடலாம். பிளக்கின் நடுமுனைக்கும் குச்சிக்கும் நடுவில் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஓம் காட்ட வேண்டும். நடுமுனைக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. பிளக்கின் வெளிவளையத்துக்கும் பாடிக்கும் மறுபடி பூஜ்ஜியம். பெருக்கி உள்ள பேஸில் முதல் அளவு திறந்த சுற்றாகக் காட்டலாம், அது பழுதில்லை. அந்த ரகத்தில் செட்டை ஆன் செய்து, பெருக்கிக்குப் போகும் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.